பால்மோராவுக்கு வழி

கப்பலின் அடித்தட்டில் கண் விழித்ததும் முதலில் தெரிவது ஒரு முகம். மொட்டைத் தலை, சாம்பல் நிறத் தோல், கண்ணுக்குக் குறுக்கே ஒரு வடு. கனவு கண்டுகொண்டிருந்தாய் என்கிறான். உன் பெயர் என்ன என்று கேட்கிறான். இருபது வருடங்களுக்கு முன்பு தட்டிய அதே பெயரை இந்த முறையும் தட்டினேன். கேட்டவன் பெயர் ஜியூப். அவனும் நம்மைப் போல ஒரு கைதி. காவலாளி வந்து நம்மை மட்டும் மேல்தளத்துக்குக் கூட்டிப் போகிறான். அதன் பிறகு இந்த விளையாட்டில் ஜியூப்பை நாம் பார்ப்பதே இல்லை.

'மோரோவிண்ட்' என்ற இந்தக் கணினி விளையாட்டு 2002 மே மாதம் வெளிவந்தது. அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கும் பெதெஸ்டா நிறுவனத்தின் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் அது மூன்றாவது. கதை நடக்கும் நிலம் வவார்டன்ஃபெல் என்ற தீவு. தீவின் நடுவில் ஓர் எரிமலை. ஆங்கிலத்தில் அதன் பெயர் ரெட் மவுண்டன். நான் அந்தக் காலத்தில் என் நோட்டில் செம்மலை என்றே எழுதி வைத்திருந்தேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004-இல் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறை நண்பனின் கணினியில்தான் இந்தத் தீவுக்கு முதலில் போனேன். தமிழ் வழியில் படித்து வந்தவன் நான். மோரோவிண்டில் பாத்திரங்கள் வாய் திறந்து பேசுவது மிகக் குறைவு, எல்லாம் எழுத்துதான். பத்தி பத்தியாக ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேடிய சொற்களில் பாதி அகராதியிலேயே இல்லை. குவாமா என்றால் என்ன? நெட்ச் என்றால்? ஃபொயாடா என்றால்? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த என் நண்பனுக்கும் தெரியவில்லை. குவாமா என்பது மண்ணுக்கடியில் முட்டையிடும் பூச்சியினம், நெட்ச் என்பது காற்றில் மிதந்து போகும் தோல்பை போன்ற பிராணி, ஃபொயாடா என்பது எரிமலைக் குழம்பு ஓடி உண்டாக்கிய பள்ளத்தாக்கு. இவற்றை இருவரும் ஒன்றாகவேதான் கற்றோம். ஆங்கில நூல் ஒன்றின் முன்னால் நானும் அவனும் சமமாக உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

நோட்டில் எழுதியது வழி. இந்த விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று இப்போது திரும்பிப் போய் வந்த பின் இன்னும் உறுதியாகச் சொல்வேன். 2006-இல் வந்த அடுத்த விளையாட்டான 'ஒப்ளிவியன்' முதல், போக வேண்டிய இடத்தைத் திரையிலுள்ள திசைகாட்டி தானாகவே காட்டிவிடுகிறது. பார்த்த ஊருக்கு வரைபடத்தைத் தொட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம். மோரோவிண்டில் இரண்டும் இல்லை. பெட்டிக்குள் ஒரு தாள் வரைபடம் வந்தது. மற்றபடி, ஆட்களிடம் கேட்க வேண்டும். பாலத்தைத் தாண்டி வடக்கே போ, சாலை பிரியும் இடத்தில் பலகையைப் பார், பாறைக்கு இடப்பக்கம் ஏறு என்று அவர்கள் சொல்வார்கள். சொன்னது நம் குறிப்பேட்டில் பதிவாகும். சிலர் சொல்லும் திசை கொஞ்சம் பிசகியும் இருக்கும்; ஊருக்குள் வழி கேட்டவர் எவருக்கும் இது புதிதல்ல. குறிப்பேட்டில் எல்லாம் நாள் வரிசையில் கலந்து கிடந்ததால் நான் வழிகளை மட்டும் தனியாகத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கப்பல் நம்மை இறக்கிவிடும் இடம் செய்டா நீன். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு சிறு துறைமுகம். கலங்கரை விளக்கம், சுங்க அலுவலகம், ஒரு சத்திரம், பத்துப் பதினைந்து குடிசைகள். அலுவலகத்தில் ஊர், குலம், தொழில், பிறந்த ராசி எல்லாம் கேட்டுப் பதிந்துவிட்டு ஒரு பொதியைத் தருகிறார்கள். பால்மோரா என்ற ஊரில் காயஸ் கொசாடிஸ் என்பவரிடம் அதைக் கொடுக்க வேண்டும். விடுதலைக்குக் கைமாறாக நம்மிடம் கேட்பது இவ்வளவுதான்.

வெளியே வந்து நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது: ஊருக்கு வெளியே மேட்டிலிருந்து நீளமான, துயரமான ஓர் ஓலம். சில்ட் ஸ்ட்ரைடர். மரத்தைவிட உயரமான கால்கள் கொண்ட பூச்சி. அதன் முதுகு ஓட்டைக் குடைந்து, உள்ளே பயணிகளை உட்கார வைத்து, திறந்து கிடக்கும் தசைகளையும் நரம்புகளையும் தொட்டுத் தொட்டு ஓட்டுகிறார்கள். இந்தத் தீவின் பஸ் அதுதான். 2004-இல் அந்தச் சத்தத்தை ஒரு விலங்கின் குரல் என்று மட்டும் எண்ணியிருந்தேன். இப்போது, ஓட்டுபவர் எதைத் தொட்டு ஓட்டுகிறார் என்று தெரிந்த பிறகு, அதைக் கேட்டுக்கொண்டு மேட்டின் கீழே நிற்க முடியவில்லை.

எல்லா ஊருக்கும் நேர் வண்டி கிடையாது. செய்டா நீனிலிருந்து பால்மோரா, விவெக், சுரான், நிசிஸ் ஆகியவற்றுக்குப் போகலாம். வடக்கே குவுல் போக வேண்டுமானால் இடையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். கடலோர ஊர்களுக்குப் படகு. மந்திரவாதிகள் சங்கத்தில் 5 ஊர்களுக்கிடையே கணப்பொழுதில் அனுப்பி வைப்பார்கள். எது எங்கே போகும், எங்கே இறங்கினால் எது கிடைக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்த நாளில்தான் தீவு நம்முடையதாகிறது. பேருந்து நிலையத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டுவிடும்.

இந்த முறை வண்டி ஏறவில்லை. நடந்தேன்.

ஊரைத் தாண்டிய சாலையில் சற்றுத் தூரம் போனால் வானத்திலிருந்து ஓர் அலறல். நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு மந்திரவாதி நம் முன்னால் விழுந்து செத்துப்போகிறான். பெயர் தார்ஹியேல். அவன் உடலில் ஒரு குறிப்பேடும் மூன்று சுருள்களும் இருக்கின்றன. ஒரே தாவலில் ஊர்விட்டு ஊர் பறக்க வைக்கும் மந்திரத்தை அவன் கண்டுபிடித்திருக்கிறான். ஏறும் வழியைக் கண்டுபிடித்தவன் இறங்கும் வழியைப் பற்றி யோசிக்கவில்லை. குறிப்பேட்டில் தெரியும் அந்த உற்சாகத்தை வாசித்துவிட்டு உடலைப் பார்ப்பது இன்றும் கஷ்டமாகவே இருந்தது.

அந்தச் சுருளில் ஒன்றை அன்று நான் வாசித்துத் தாவினேன். அடுத்த கணம் கீழே ஒன்றுமே இல்லை. சுற்றிலும் சாம்பல் நிறப் பனி. தரை எங்கே, கடல் எங்கே, எந்தப் பக்கம் போகிறேன் என்று எதுவும் தெரியாத ஒரு வெறுமை. பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு மலைச்சரிவு திடீரென்று எழுந்து வந்து என் மேல் மோதியது. இந்த விளையாட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பனிதான்.

பனிக்குக் காரணம் தொழில்நுட்பம். 2002-ஆம் ஆண்டுக் கணினிகளால் தூரத்து நிலத்தையெல்லாம் வரைந்துகொண்டிருக்க முடியாது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் மூடுபனியால் மறைத்தார்கள். இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆர்வலர்கள் கூடி 'ஓப்பன் எம்டபிள்யூ' என்ற பெயரில் இந்த விளையாட்டுக்குப் புதிய இயந்திரத்தையே எழுதியிருக்கிறார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. அதில் ஓர் அமைப்பை மாற்றினால் பனி விலகிவிடும், தீவு முழுவதும் கண்ணுக்கெட்டும் தூரம் தெரியும்.

நானும் விலக்கிப் பார்த்தேன். பெலாகியாடு ஊருக்கு மேலே ஏறி நின்று அந்த அமைப்பை மாற்றினேன். தெற்கே நீரில் விவெக் நகரின் மாபெரும் மேடைகள், வடக்கே செம்மலை, மேற்கே நான் நடந்து வந்த சதுப்பு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ஒரு முழு இரவு வழி தவறி அலைந்த நிலம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. விவெக் நகரம் இவ்வளவு பக்கத்திலா இருந்தது? அந்த மலை முகட்டுக்கு அப்பால் வேறொரு நாடு இருப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்! தீவு சுருங்கிவிட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க மனமில்லை. அமைப்பைப் பழையபடி மாற்றினேன். பனி திரும்ப வந்தது, அதோடு சாலையும் திரும்ப வந்தது.

சாலை என்று சொல்வதை விளக்க வேண்டும். அடுத்த 20 அடி மட்டுமே தெரியும்போது கால் கவனமாகிறது. பாறையின் வடிவம், மரத்தின் சாய்வு, பலகையில் எழுதிய ஊர்ப் பெயர் எல்லாம் அடையாளங்களாகின்றன. ஒருவர் சொன்ன வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். பாலம் வரும் என்றாரே, இன்னும் காணோமே என்று தவிக்கிறோம். பனிக்குள்ளிருந்து பாலத்தின் விளிம்பு தெரிந்ததும் சொன்னவர் மேல் ஒரு நன்றி உண்டாகிறது. அம்புக்குறியைப் பின்தொடரும்போது யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்து வந்த விளையாட்டுகள் பெரிதாகவும் அழகாகவும் இருந்தன, 'ஸ்கைரிம்' விளையாட்டில் நானும் நூற்றுக்கணக்கான மணி நேரம் சுற்றியிருக்கிறேன். ஆனால் அங்கே எந்த ஊருக்கு எப்படிப் போக வேண்டும் என்று இன்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. வவார்டன்ஃபெல்லில் எந்த மூலைக்கும் வழி சொல்வேன்.

வழி கேட்பதில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் சொல்லிவிட மாட்டார்கள். இந்தத் தீவில் நாம் அந்நியர். ஊர்க்காரர்களான டன்மர் இனத்தவர் நம்மை அந்நியன் என்றே அழைக்கிறார்கள். அதைவிட இழிவான 'ந்வா' என்ற சொல்லும் அவர்களிடம் உண்டு. ஒவ்வொருவருக்கும் நம்மீது உள்ள மதிப்பு ஓர் எண்ணாகப் பதிவாகிறது. குறைவாக இருந்தால் கடையில் விலை ஏறும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. செய்டா நீனில் ஃபார்கோத் என்பவனின் மோதிரம் ஒரு பீப்பாயில் கிடக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தால் அவன் மட்டுமல்ல, அவனுடைய நண்பரான சத்திரக்காரரும் நம்மிடம் இணக்கமாகிறார். சாம்பல் நிலத்தில் கூடாரம் போட்டு வாழும் குடிகளிடம் போவதற்கு முன், அவர்களுடைய முறைகள் தெரிந்த ஒருவரிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்: யாரிடம் முதலில் பேசுவது, யாருக்கு என்ன பரிசு கொண்டு போவது, எந்தக் கூடாரத்துக்குள் அழைக்காமல் நுழையக் கூடாது. தலைமை வடிவமைப்பாளரான கென் ரோல்ஸ்டன் தாளும் பென்சிலும் வைத்து ஆடும் கற்பனை விளையாட்டுகளை எழுதிய பின் இதற்கு வந்தவர். ஓர் ஊரின் மரியாதைகளைக் கற்றுக்கொள்வதையே விளையாட்டாக்கியதில் அந்தக் கை தெரிகிறது.

அந்த மரியாதைகளுக்கு அடியில் இருக்கும் கொடுமையையும் மறைக்கவில்லை. அடிமை முறை இங்கே சட்டபூர்வமானது. பூனை முகமும் பல்லி முகமும் கொண்ட இரண்டு இனத்தவரைக் கையில் வளையம் பூட்டி வயல்களிலும் சுரங்கங்களிலும் வேலை வாங்குகிறார்கள். சாவியைக் கண்டுபிடித்துத் திறந்துவிடலாம். அவர்களுக்காக ரகசியமாக இயங்கும் ஓர் அமைப்பு உண்டு, பெயர் இரட்டை விளக்கு. முதல் முறை விளையாடியபோது அவர்களைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன் என்று நோட்டைப் பார்த்தால் தெரிகிறது. ஓரிடத்தில்கூட அவர்களைப் பற்றி எழுதவில்லை. இந்த முறை வழியில் கண்ட முதல் குகையிலேயே சாவியைத் தேடினேன்.

திரும்பிப் போகிறவனுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நடக்கப்போவது தெரியும். விவெக் நகரத்தின் மேலே வானத்தில் ஒரு பெரும் பாறை தொங்குகிறது. நகரத்தின் மேல் விழ வந்த விண்பாறையை, மக்கள் தெய்வமாக வணங்கும் விவெக் நடுவானில் நிறுத்தி வைத்தார் என்பது கதை. அதைக் குடைந்து சிறைச்சாலை ஆக்கியிருக்கிறார்கள், அதற்கு வாய்மையின் அமைச்சகம் என்று பெயர். அன்று அண்ணாந்து பார்த்து வியந்தேன். 2009-இல் வந்த ஒரு நாவலும் 2012-இல் 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு வந்த பிற்சேர்க்கையும் பிறகு நடந்ததைச் சொல்லிவிட்டன: பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பாறை விழுகிறது, செம்மலை வெடிக்கிறது, நகரம் அழிகிறது, தீவு சாம்பலில் மூழ்குகிறது, பிழைத்தவர்கள் அகதிகளாகச் சிதறுகிறார்கள். நகரத்தின் நடைபாதையில் படகோட்டியிடம் கூலி கொடுத்து ஏறும்போது தலைக்கு மேலே அந்தப் பாறையின் நிழல். அவர் வழக்கம்போலப் பேசுகிறார். அவரிடம் கேட்பதற்குத் தலைப்புகள் பல இருக்கின்றன. சொல்வதற்கு ஒன்றுகூட இல்லை.

கப்பலில் பெயர் கேட்ட ஜியூப்புக்கும் பிற்காலம் இருக்கிறது. தீவின் வானமெங்கும் மொய்த்துப் பயணிகளைக் கொத்தித் தொல்லை தரும் கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிராணிகளை அவன் ஒழித்தான் என்றும், அதற்காக அவனைப் புனிதராக்கினார்கள் என்றும் அடுத்த விளையாட்டுகள் சொல்கின்றன. இருட்டில் பக்கத்தில் படுத்திருந்த ஒரு கைதி. அன்று அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறினேன். இந்த முறை காவலாளி கூப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பெலாகியாடு தாண்டியதும் நிலம் மாறியது. பசுமை குறைந்து, இருபுறமும் கரும்பாறை எழும்பியது. ஃபொயாடா மாமேயா: செம்மலையிலிருந்து தென்மேற்காகக் கடல் வரை இறங்கும் எரிகுழம்புப் பள்ளத்தாக்கு. சாம்பல் கலந்த காற்று. இங்கே நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடிகாரத்தில் ஒரு நிமிடம் என்பது தீவில் அரை மணி நேரம். காலையில் செய்டா நீனில் கிளம்பிய நான் நின்று நின்று நடந்ததில் இங்கே இருட்டிவிட்டது. வானத்தில் இரண்டு நிலாக்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஜெரமி சோலின் இசை, அந்த மெதுவான முரசோடு, எங்கிருந்தோ தொடங்கியது. பள்ளத்தாக்கின் மேலே ஒரு பாலம். அதற்கு அப்பால் அர்க்ன்தாண்ட் என்ற இடிபாடு. ஒரே நாளில் இனம் முழுவதும் மறைந்துபோன ட்வெமர்கள் கட்டியது. முதல் வேலையாக நம்மை அங்கே அனுப்பி, ஒரு சிறு உலோகப் பெட்டியை எடுத்து வரச் சொல்வார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அன்று மூன்று இரவுகள் ஆயின. நோட்டில் நான்கு இடங்களில் 'இல்லை' என்று எழுதிக் கோடிட்டிருக்கிறேன். கடைசியில் அது ஒரு சிறு அறையின் தட்டில், யாரோ மறந்து வைத்தது போல, சும்மா இருந்தது.

வழியிலிருந்த ஒரு கோட்டையைக் கடந்ததும் ஊர் விளக்குகள். பால்மோரா ஆற்றின் இரு கரையிலும் பரவிய ஊர். சுண்ணாம்பு நிறச் சுவர்கள், தட்டையான மாடிகள். சவுத் வால் என்ற மதுக்கடையில் விசாரித்தால் காயஸின் வீட்டைச் சொல்வார்கள். விசாரித்தேன், தெரிந்திருந்தும்.

2004-இல் இந்த வீட்டில் ஒரு தவறு செய்தேன். காயஸ் சட்டை போடாத, போதைப் பழக்கம் உள்ள ஒரு கிழவர். ஒற்றைக் கட்டிலும் ஒரு மேசையும்தான் அவருடைய வீடு. அவர் பேரரசரின் ரகசிய ஒற்றர்களுக்கு இந்தத் தீவில் தலைவர் என்பதை முழுதாகப் புரிந்துகொள்ளாமல், அங்கிருந்த பொருட்களுக்காக அவரைக் கொன்றுவிட்டேன். திரையில் ஒரு செய்தி வந்தது. ஊழின் இழை அறுந்தது. பழைய பதிவுக்குத் திரும்பி விதியைச் சரிசெய், அல்லது நீ உண்டாக்கிய இந்த அழிந்த உலகத்திலேயே வாழ்ந்து தீர் என்பது அதன் சாரம். பின்னால் வந்த விளையாட்டுகளில் முக்கியமான பாத்திரங்கள் சாக மாட்டார்கள். அடித்தால் மயங்கி விழுந்து எழுந்துகொள்வார்கள். மோரோவிண்ட் நம்மைப் பெரியவர்களாக நடத்தியது. என்னிடம் பழைய பதிவு இல்லை. இரண்டு வாரம் அந்த அழிந்த உலகத்தில் திரிந்தேன். சந்தை நடந்தது, வண்டி ஓடியது, எல்லோரும் வழி சொன்னார்கள். ஆனால் எந்த வழியும் எங்கும் கொண்டு சேர்க்கவில்லை. பிறகு மீண்டும் கப்பலிலிருந்து தொடங்கினேன்.

இப்போது மேட்டுத் தெருக் கோடியில் அந்தக் கதவைத் திறந்தேன். அதே கட்டில், அதே மேசை. பொதியைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, கையில் கொஞ்சம் பணம் தந்து, முதலில் ஊரைச் சுற்றிப் பார், ஒரு வேலை தேடிக்கொள், பிறகு வா என்று அனுப்பினார். வெளியே வந்தபோது பனி இன்னும் இறங்கியிருந்தது.

இந்தத் தீவு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. விளையாட்டோடு சேர்த்தே நிலம் அமைக்கும் கருவியையும் கொடுத்திருந்தார்கள். அதை வைத்து 'தாம்ரியெல் ரீபில்ட்' என்ற தன்னார்வலர் குழு, தீவைச் சுற்றியுள்ள பெருநிலத்தை ஊர் ஊராகக் கட்டி வருகிறது. 2001-இல் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. காசு வாங்காமல் இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரு நிலத்துக்குச் சாலையும் பாலமும் வழிகாட்டிப் பலகையும் போடுகிறார்கள். அவர்கள் கட்டிய ஊர்களிலும் நிறுத்தி வழி கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. அங்கே போக இன்னொரு விடுமுறை வேண்டும்.

நீங்கள் இதுவரை போனதில்லை என்றால் பழைய கணினியே போதும். சண்டையில் முதலில் குறி தவறும், நடை மெதுவாக இருக்கும், முகங்கள் கரடுமுரடாக இருக்கும். முதல் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்டா நீனில் இறங்கியதும் சில்ட் ஸ்ட்ரைடரில் ஏறாதீர்கள். ஃபார்கோத்தின் மோதிரத்தைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு சாலையைப் பிடித்து பெலாகியாடு வழியாக வடக்கே நடங்கள். பனியை மட்டும் விலக்காதீர்கள்.